முதுகில் ஒரு மச்சம்

என்னை முதன்முதலில் அடித்த போலீஸ்காரருக்கு இடது கைப் பழக்கம். அறை வலது கன்னத்தில் விழுந்தது. இருபது வருடம் அப்பாவிடம் இடது கன்னத்தில் வாங்கிப் பழகியவனுக்கு அது புதிய திசை. முகத்தைத் திருப்பத் தெரியாமல் முழுதாக வாங்கினேன்.

அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். அவர் அடிப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கும். முதலில் குற்றச்சாட்டு, அடுத்து கேள்வி, பிறகு தண்டனை. என் பதிலைக் கேட்க மாட்டார் என்பதைத் தவிர மற்ற நடைமுறை எல்லாம் சரியாக இருக்கும். போலீஸ் நிலையத்தில் தண்டனை முதலில் வந்தது. குற்றச்சாட்டை மறுநாள்தான் யோசித்தார்கள்.

அன்றைக்குக் கல்லூரி மாணவர்களின் பஸ் டே. ஒரு தடத்தில் தினமும் போய்வரும் பையன்கள் அந்தத் தடத்துப் பஸ் ஒன்றைப் பிடித்து, மாலை போட்டு, கூரைமேல் ஏறி ஆடிக்கொண்டே கல்லூரி வரைக்கும் ஓட்ட வைப்பார்கள். வழியில் வேறு கல்லூரிக்காரர்கள் எதிர்ப்பட்டால் கல், கட்டை, சைக்கிள் செயின். நான் கூரையில் ஏறியவன் அல்லன். மாதத் தேர்வுக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து பொருளாதார நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன். தேனாம்பேட்டை சிக்னலில் கல் பறந்து வந்தது. கண்டக்டரின் நெற்றி பிளந்து, ரத்தம் அவருடைய தோல்பைக்குள் சொட்டியது. கல் எறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கூரையில் ஆடியவர்களும் குதித்து ஓடிவிட்டார்கள். ஓட வேண்டிய காரணம் இல்லாத பதினொரு பேர் பஸ்ஸிலேயே இருந்தோம். போலீஸ் எங்களைப் பிடித்தது.

நிலையத்தில் குப்புறப் படுக்கவைத்து, கணுக்கால் இரண்டையும் பெஞ்சோடு சேர்த்து ஒருவர் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் உள்ளங்காலில் லத்தியால் அடித்தார். அடி விழுவது காலில், வெடிப்பது மண்டையில். பத்துக்கு மேல் எண்ணவில்லை. முடிந்ததும் எழுந்து குதிக்கச் சொன்னார்கள்.

"குதிடா. நல்லா குதி. வீங்கிச்சுன்னா எங்களுக்குத்தான் பேஜாரு."

குதித்தேன். வீக்கம் வரவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய தொழில் தெரிந்திருந்தது.

நிலையத்தில் வழக்குகளை எழுதுகிற ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்பாகப் பேசினார்.

"படிக்கிற புள்ளையா கீற. செவன்ட்டி ஃபைவ் போட்டுக்கறேன், சின்னக் கேசு. கோர்ட்டுல ஒத்துக்கினு, ஃபைன கட்டிட்டு, பத்து நிமிசத்துல வூட்டுக்குப் போயிகினே இரு. அடிச்சாங்க கிடிச்சாங்கன்னு ஐயாகிட்ட வாயத் தொறந்தேன்னு வச்சிக்க, கண்டக்டர் மண்டைய நீதான் ஒடச்ச. இன்னா சொல்ற நைனா?"

மறுநாள் காலை கோர்ட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். நீதிபதி தலை நிமிரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார். ஒப்புக்கொள்கிறேன் என்றேன். போலீஸ் அடித்தார்களா என்றார். இல்லை ஐயா என்றேன். உள்ளங்காலைத் தரையில் பதிக்க முடியாமல் பாதத்தின் வெளிவிளிம்பில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். ரைட்டர் சொன்னபடியே பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒப்புக்கொண்ட தாள் எங்கோ ஓர் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நமக்கு ஏதாவது நல்லது நடக்கப்போகும் நாளில் எழுந்து வரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு மூன்று வருடம் கழித்து எழுந்து வந்தது. கலால் இன்ஸ்பெக்டர் தேர்வில் தேறியிருந்தேன். போலீஸ் விசாரணைக்கான படிவத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டோ அபராதம் விதிக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அத்தை வீட்டு மாமாவைக் கேட்டேன்.

"பஸ்ல புடிச்சதெல்லாம் ஒரு கேஸாடா? இல்லன்னு எழுது. எவன் வந்து பாக்கப்போறான்?"

இல்லை என்று எழுதினேன். ஒருவன் வந்து பார்த்தான். தேர்வு ரத்தானது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக அல்ல, உண்மையை மறைத்ததற்காக என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நல்ல கடிதம். ஒரு பிழை இல்லை.

கடிதம் வந்த மறுநாள் காலை தெருவில், பால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அப்பா சைக்கிள் பம்பால் அடித்தார். எனக்கு இருபத்து மூன்று வயது. திருப்பி அடித்திருந்தால் விழுந்திருப்பார். தலையைக் கையால் மூடிக்கொண்டதில் மோதிர விரல் உடைந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். படியில் விழுந்தேன் என்றேன். அதற்குள் எனக்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது.

நான்கு வருடம் கழித்து மாநிலத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகத் தேர்வானேன். துறை ஒதுக்கியபோது வந்தது நீதித்துறை. இந்த முறை படிவத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். இடம் போதவில்லை. தனித்தாள் இணைத்தேன். நியமன அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார்:

"இதோ பாருப்பா. ஒரு தடவை மன்னிக்கலாம்னு இருக்கேன். இன்னொரு கேஸ் வந்தாலும் சரி, இன்னொரு மறைப்பு வந்தாலும் சரி, வேலை போயிடும். பணிப்பதிவேட்டுலயே எழுதிடறேன்."

சிவப்பு மையில் எழுதினார். முப்பத்தோரு வருடம் அந்த வரிக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். ஊரில் எனக்கு நேர்மையானவன் என்று பேர். ஒரு தாளில் பொய் எழுதி, ஒரு வேலையை இழந்து, ஒரு விரலையும் உடைத்துக்கொண்டவனின் பயம் அது. பயத்தை நாற்பது வயது வரை விடாமல் வைத்திருந்தால் கொள்கை என்கிறார்கள்.

நீதிபதியின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற பெஞ்ச் கிளார்க்காக வந்த பிறகுதான், அன்று என்னைக் கேட்ட கேள்வியை அடுத்த பக்கத்திலிருந்து பார்த்தேன். கைதானவரை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது, போலீஸ் மீது புகார் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். பதிலை நான் எழுத வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் 'புகார் ஏதும் இல்லை எனத் தெரிவித்தார்' என்பதைக் காலையிலேயே எல்லாத் தாளிலும் தட்டச்சு செய்து வைத்துவிடுவார்கள். கேள்வி கேட்பதற்குள் பதில் தயாராக இருக்கும். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். ஆள் வந்து வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் எழுதுவேன். போலீஸ்காரர்கள் எனக்குக் 'கோடிட்ட இடம்' என்று பேர் வைத்தார்கள்.

"மச்சி, இன்னிக்கு கோடிட்ட இடம் டூட்டிடா. சாப்பாட்ட மறந்துட வேண்டியதுதான்."

காலி இடத்தால் பெரிய பலன் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் மாவுக்கட்டோடு வருவார்கள். போலீஸ் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்தவர்கள், தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தவர்கள். சென்னையில் திருடுபவன் எவனுக்கும் ஒழுங்காக நடக்கத் தெரியாது என்றுதான் ஆவணங்களைப் படித்தால் தோன்றும். அடித்தார்களா என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்பார்கள். நான் 'இல்லை' என்று எழுதுவேன். அவர்கள் வாயிலிருந்து வந்தது. அதனால் என் தாள் சுத்தம்.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் ரிமாண்ட் மாஜிஸ்திரேட் வீட்டில் நடக்கும். வீடு நந்தனம் பக்கம் அரசுக் குடியிருப்பில். மாஜிஸ்திரேட் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் பட்டுப்புடவையில் நின்றார். நான் வராந்தாவில் மேசை போட்டுத் தாள்களை அடுக்கியிருந்தேன். இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள்.

அந்த ஆளுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளர். தெற்கத்திச் சீமைக்காரர். அந்தக் கடையில் முதலாளி, மேற்பார்வையாளர், சமையல்காரர் எல்லோருமே அந்தப் பக்கத்து ஆட்கள்தான். ஒரு பட்டுப்புடவை காணாமல் போனது, இவர் எடுத்தார் என்பது வழக்கு. முதல் நாள் கடையின் ஐந்தாவது மாடிக் கிடங்கில் 'விசாரித்து' விட்டு, அன்று காலைதான் நிலையத்தில் ஒப்படைத்தார்கள் என்பதை அறிக்கையின் நேரக் குறிப்புகளை வைத்தே கணக்குப் போட முடிந்தது. நிலையத்திலும் தங்கள் பங்குக்கு விசாரித்திருக்கிறார்கள்.

முகத்தில் ஒரு கீறல் இல்லை. கை கால் நேராக இருந்தன. மாவுக்கட்டு இல்லை. அடிக்கத் தெரிந்தவர்கள் அடித்த உடம்பு. ஆனால் நின்ற விதம் சரியில்லை. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணுக்குப் போவணும்" என்றார் என்னிடம்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டக்காரருக்கான கழிப்பறை இருந்தது. கான்ஸ்டபிள் கூட்டிப்போனார், நான் வழிகாட்டப் போனேன். கதவைச் சாத்தவிடவில்லை. வெள்ளைப் பீங்கானில் விழுந்தது சிறுநீர் இல்லை. கெட்டியான சிவப்பு. அவர் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, சத்தம் வராமல் இருக்கத் தன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார்.

கான்ஸ்டபிள் எட்டிப்பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பீட்ரூட்டு துன்னுருப்பான் சார்."

"யார் அடிச்சது?" என்று அந்த ஆளைக் கேட்டேன்.

"யாரும் அடிக்கல சார். நாந்தான் கடைப் படியில விழுந்தேன்."

சிறுநீரகம் கிழிந்தால் இப்படித்தான் வரும் என்பது இத்தனை வருடம் காயச் சான்றிதழ்களைப் படித்த எனக்குத் தெரியும். ஜெயிலுக்குப் போனால் அன்று ஞாயிறு, டாக்டர் மறுநாள்தான் பார்ப்பார். மறுநாள் வரை இந்த ஆள் இருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் போலீஸ் கையில் ஒரு டாக்டர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தது, 'உடல்நிலை நன்று' என்று. நான் பெஞ்ச் கிளார்க். என் வேலை எழுதுவது. வாயைத் திறந்து, மேடம், இவருக்கு ரத்தம் போகிறது என்று சொன்னால், நீ என்ன டாக்டரா என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். அந்த ஆளே, யாரும் அடிக்கவில்லை என்பார். என் மீது புகார் போகும். சிவப்பு மை காத்திருந்தது.

மாஜிஸ்திரேட் கேட்டார். "போலீஸ் உங்களை அடிச்சாங்களா?"

"இல்ல அம்மா."

"பயப்படாம சொல்லுங்க."

"இல்ல அம்மா. யாரும் அடிக்கல."

மாஜிஸ்திரேட்டுக்கும் சந்தேகம் வந்தது, தெரிந்தது. மூன்றாவது முறை கேட்க நடைமுறையில் இடம் இல்லை. பேனாவைத் திறந்தார். வெளியே கார் காத்திருந்தது.

அறிக்கையில் அங்க அடையாளங்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஆள் மாறாட்டம் இல்லாமல் இருக்க, உடம்பில் மாறாத இரண்டு அடையாளங்களைப் போலீஸ் எழுதித் தர வேண்டும். எழுதியிருந்தது: ஒன்று, முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் பழைய தழும்பு. இதே மச்சமும் இதே தழும்பும் போன மாதம் அதே நிலையத்திலிருந்து வந்த ஒரு செயின் திருடனுக்கும் இருந்தன. அதற்கு முன்னால் ஒரு கஞ்சா வியாபாரிக்கும் இருந்தன. அந்த நிலையத்து ரைட்டர் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரித் தாளை வைத்துக்கொண்டு, ஆளையும் ஊரையும் மட்டும் மாற்றுகிறார். பல மாதமாக எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

"மேடம்" என்றேன், "அங்க அடையாளம் சரிபார்க்கலை."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அதெல்லாம் நாங்க பாத்தாச்சு சார். நேரம் ஆவுது, மேடம் கல்யாணத்துக்குப் போறாங்க."

"நீங்க பாத்தது உங்க அறிக்கைக்கு. வாரண்டுல மேடம் கையெழுத்துப் போடறாங்க. ஜெயில்ல மச்சம் ஒத்துப்போகலைன்னா திருப்பி அனுப்புவாங்க, மேடம்தான் விளக்கம் எழுதணும்."

"இத்தினி வருசமா எவன் சார் மச்சம் பாத்தான்?"

"அதான் நானும் யோசிச்சேன்."

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். "சட்டையைக் கழட்டச் சொல்லுங்க."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. பயம்கூட இல்லை. வெறுப்பு. கையை உயர்த்த அவரால் முடியவில்லை. கான்ஸ்டபிள் பொத்தான்களை அவிழ்த்து இழுத்தார். முதுகில் ஒட்டியிருந்த துணி, தோலோடு கொஞ்சம் உரிந்து வந்தது. அப்போதுதான் முதன்முறையாக அவர் சத்தம் போட்டார்.

தோளிலிருந்து இடுப்பு வரை பிரம்பின் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. சில வெடித்துக் காய்ந்திருந்தன. விலாவுக்குக் கீழே, இரண்டு பக்கமும், காலணி முனையின் அளவில் கருநீலத் திட்டுகள். இடது பக்கம் வீங்கி, தொட்டால் உடையும் போலப் பளபளத்தது. மச்சம் தேட வெறும் தோல் ஒரு சாண் அளவுகூட இல்லை.

மாஜிஸ்திரேட் எழுந்து வந்து, பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மிக அருகில் நின்று பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர்," என்றார், "மச்சம் எங்க இருக்கு? காட்டுங்க."

இன்ஸ்பெக்டரால் காட்ட முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. மாஜிஸ்திரேட் சொல்லச் சொல்ல, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். முப்பது வருடத்தில் நான் எழுதிய நல்ல தாள் அது. ஆளை என் முன்னாலேயே ஆம்புலன்சில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அன்று பிற்பகலே அறுவை செய்து ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் எடுக்க ஆள் இருந்திருக்காது என்று டாக்டர் எழுதினார். விசாரணைக்கு உத்தரவானது. இன்ஸ்பெக்டர் போகும்போது என் காதருகில் வந்து, "ரிட்டயர்மென்ட் எப்ப சார்?" என்று கேட்டார். பதவி மரியாதையோடு கேட்டார்.

விசாரணை எட்டு மாதம் நடந்தது. இதற்கிடையே புடவை கிடைத்துவிட்டது. வேறொரு வாடிக்கையாளரின் மூட்டையில் தவறிப் போயிருந்ததாம். விசாரணை அதிகாரி முன்னால் அந்த ஆள் வந்து, என்னை யாரும் அடிக்கவில்லை, கிடங்கின் இரும்புப் படியில் உருண்டுவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். பிரம்புக் கோடுகள்? படியின் விளிம்பு. இன்ஸ்பெக்டர் வேறொரு நிலையத்தில் திரும்ப வேலைக்கு வந்தார். எனக்கு அதிகாரத்தை மீறியதற்காகக் குற்றக் குறிப்பாணை வந்தது. வேலையையே பறிக்கக்கூடிய பதினேழு ஆ. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அந்த எழுத்தின் கனம் தெரியும்.

குறிப்பாணையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மதிய நேரம் அந்தக் கடைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடி. வாசலில் நுழையவே நெருக்கித் தள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட புடவைகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?" என்றேன்.

"முதலாளி எம்புள்ளைக்கு நர்சிங் சேத்துவிட்டுட்டாவ சார். எனக்கும் உக்காந்து பாக்குற வேல குடுத்திருக்காவ. வேற என்ன எழுத?"

"உங்களை அடிச்சதே அவங்கதான்."

"அவிய அடிப்பாவ, அணைப்பாவ. எங்க ஊருக்காரவ. நீங்க யாரு சார் எனக்கு? அன்னைக்கு ஊர் பாக்க எஞ்சட்டையக் கழத்துனீய."

"கழட்டலைன்னா மறுநாள் செத்திருப்பீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "செத்திருந்தா புள்ளைக்கு இன்னும் நல்லாச் செஞ்சிருப்பாவ" என்றார்.

அடித்துவிட்டேன்.

அறை அல்ல, குத்து. ஐம்பத்தேழு வயதுவரை யாரையும் தொட்டதில்லை. அப்பாவைத் தொடவில்லை, இடது கைப் போலீஸ்காரரைத் தொடவில்லை, அந்தக் கலால் கடிதத்தைக்கூடக் கிழிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து, ஒற்றைச் சிறுநீரகத்தோடு நின்ற ஓர் ஆளின் வாயில் போய் விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவர் பின்னால் சாய்ந்து இரண்டு படி உருண்டு, கைப்பிடியைப் பிடித்து நின்றார். இந்த முறை நிஜமாகவே படியில் விழுந்தார். நான் இன்னொரு முறை அடிக்கக் கையை ஓங்கியிருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலிருந்து மூன்று மேற்பார்வையாளர்கள் ஓடிவந்தார்கள்.

"ஏய், யார் மேல வே கைய வைக்கீரு? எங்க கடைல வந்து எங்க ஆளையே அடிப்பீரோ?"

ஒருவன் என் வயிற்றில் முழங்காலை ஏற்றினான். இன்னொருவன் பிடரியைப் பிடித்து மேலே தள்ளினான். ஐந்தாவது மாடிக் கிடங்கைப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெஞ்ச் இருந்தது. முதுகில் நாலைந்து விழுந்த பிறகு, ஒருவன் என் பையிலிருந்த குறிப்பாணையை எடுத்துப் படித்து, "ஏல, விடுங்கல, இவன் கோர்ட்டு ஆளு" என்றான். போலீசைக் கூப்பிட்டார்கள்.

நிலையத்தில் வேறு இன்ஸ்பெக்டர், ரைட்டர் மட்டும் அதே ஆள். மச்சம் எழுதுகிறவர். என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார்.

"கோடிட்ட இடம் சாரா? இன்னா சார் இது, இந்த வயசுல?" கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்தார். "ஆளு புகார் குடுத்தான்னா காயம் கீது, கேசு கண்டிப்பா வரும். பதினேழு ஆ வேற நடந்துகினு கீது உனக்கு. டிஸ்மிஸ் தான். பென்ஷன் போச்சு."

உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு அந்த விற்பனையாளர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை முழுதும் சிவந்திருந்தது. ரைட்டர் அவரைக் கேட்டார்.

"இன்னாயா, இவரு உன்ன அடிச்சாரா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "யாரும் அடிக்கல சார். பேசிக்கிட்டே வந்தேன், படியில கால் வழுக்கிட்டு."

ரைட்டர் என்னைப் பார்த்தார். மேற்பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், நீங்க இன்னா சொல்றீங்க? அடிச்சீங்களா?"

நடைமுறை எனக்குத் தெரியும். ஆம் என்றால் வழக்கு. இல்லை என்றால் மறைப்பு. பணிப்பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு வரி. ஆனால் வழக்கை எல்லோரும் பார்ப்பார்கள். மறைப்பைப் பார்க்க, அந்த ஆள் வாயைத் திறந்தால்தான் உண்டு. என்னைக் கிடங்கில் அடித்த மேற்பார்வையாளர்கள் பேச மாட்டார்கள், அவரும் திறக்க மாட்டார். அதில் அவர் நிபுணர்.

ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

"இல்லை" என்றேன்.

ரைட்டர் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கினார். எனக்கு முன்னால் அடிவாங்கியவர் போட்டார். பின்னால் நான் போட்டேன். குறிப்பாணை கண்டிப்போடு முடிந்தது. குறித்த நாளில் ஓய்வுபெற்றேன். பிரிவுபசாரத்தில் பேசிய எல்லோரும், பொய்யாக ஒரு வரி எழுதாத மனிதர் என்றார்கள். மாஜிஸ்திரேட்டும் வந்திருந்தார். மைக்கில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். கை தட்டினார்கள். நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடித்தேன் என்பதை அன்றிலிருந்து இதுவரை எந்தத் தாளிலும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். எழுதினால் இனி ஒன்றும் போகாது என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு.

அன்று நிலையத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். மேற்பார்வையாளர்கள் முன்னால் நடந்தார்கள். அவர் என் வலது கையைப் பார்த்தார். விரல் முட்டிகள் வீங்கத் தொடங்கியிருந்தன.

"பழகாத கை" என்றார். உதடு தடித்திருந்ததால் வார்த்தை குழறியது. "ஐஸ் வையுங்க சார். எனக்கு மொதல் நாளு கிடங்குல அவிய வச்சாவ. வீக்கம் மேல தெரியாது."

ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் போய், ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கித் தன் கைக்குட்டையின் சிவக்காத ஓரத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு, மூன்றாவது மாடியில் கூட்டம் ஏறிவிடும் என்று சொல்லி, இடுப்பை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து போனார்.